597 மி.மீ. ரயில், 16 மி.மீ. படச்சுருள்: மறைந்துபோன குறுகிய ரயில்பாதையின் பழைய ஃபிலிமைக் கையாள்வது எப்படி

இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் பார்ன்ஸ்டபிள் ஊரிலிருந்து லின்டன் வரை 19¼ மைல் ஓடியது ஒரு குட்டி ரயில். தண்டவாளங்களுக்கு இடையே ஒரு அடி பதினொன்றரை அங்குலம், அதாவது 597 மி.மீ. 1898 மே மாதம் திறந்தார்கள், 1935 செப்டம்பர் 29 ஞாயிற்றுக்கிழமையோடு மூடினார்கள். அதே நவம்பரில் எஞ்சின்களும் பெட்டிகளும் தண்டவாளமும் ஏலம் போயின. அந்த ரயில் ஓடியதை இன்று கண்ணால் பார்க்க ஒரே வழி, விடுமுறைக்கு வந்தவர்களும் ரயில் பித்தர்களும் கையடக்கக் கேமராவில் எடுத்த சில நிமிடத் துண்டுகள்.

அத்தகைய ஒரு சுருள் கைக்கு வந்தால் என்ன செய்வது, எந்த வரிசையில் செய்வது, எங்கே கெட்டுப்போகும் என்பதே இந்தக் குறிப்பு. உதாரணம் முழுக்க லின்டன் பாதைதான். ஆனால் இலங்கையின் களனிப் பள்ளத்தாக்குப் பாதையோ, நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக ராகலைக்குப் போன தோட்டத்து ரயிலோ இருக்கிற சுருள் கிடைத்தாலும் வேலை இதேதான். பெயரும் அளவும் மட்டும் மாறும்.

ஒரு விதியை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: படத்தைப் பார்ப்பதற்கு முன் சுருளைப் படியுங்கள். இணையத்தில் சுற்றும் தவறான தலைப்புகளில் பெரும்பாலானவை, காட்சியை மட்டும் பார்த்து யாரோ எழுதியவை. ஃபிலிமின் விளிம்பு, துளை, ஒட்டு ஆகியவை அதைவிட நம்பகமான சாட்சிகள். ஸ்கேன் செய்யும்போது விளிம்பை வெட்டிவிட்டால் அந்தச் சாட்சி போயிற்று.

எங்கே தேடுவது

ரயில் என்று தேடினால் பாதிதான் கிடைக்கும். 1920, 30களில் குடும்பக் கேமரா வைத்திருந்தவர் எடுத்தது விடுமுறையை. ரயில் அதில் இருபது விநாடி வந்துபோகும். ஆகவே லின்மத், இல்ஃப்ரகூம், எக்ஸ்மூர், 'டெவன் விடுமுறை', 'பொம்மை ரயில்' என்றெல்லாம் தேடுங்கள். ஊர்ப்பெயரைத் தவறான எழுத்துக்கூட்டிலும் தேடுங்கள். லின்டனை 'ஒய்'க்குப் பதில் 'ஐ' போட்டுப் பட்டியலிட்டவர்கள் உண்டு.

தென்மேற்கு இங்கிலாந்தின் அசைபடத் தொகுப்பு இப்போது பிளைமத்தில் உள்ள 'தி பாக்ஸ்' நிறுவனத்தில் இருக்கிறது. பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டின் தேசியக் காப்பகம், யார்க்கிலுள்ள தேசிய ரயில்வே அருங்காட்சியகம், ஹன்ட்லி ஃபிலிம் ஆர்க்கைவ்ஸ், செய்திப்படங்களுக்கு பிரிட்டிஷ் பாத்தே ஆகியவை அடுத்த இடங்கள். பட்டியலில் 'லின்டன் ரயில்வே' என்று பார்த்ததும் துள்ள வேண்டாம். லின்டனுக்கும் லின்மத்துக்கும் நடுவே 1890இலிருந்து இன்றுவரை தண்ணீர் எடையால் ஓடும் மலைச்சரிவு ரயில் ஒன்று இருக்கிறது. இரண்டு பெட்டிகள் கம்பியில் ஏறி இறங்கும், எஞ்சின் கிடையாது. பட்டியல்களில் அதிகம் குழம்புவது இந்த இரண்டும்தான்.

சுருள் மேசைக்கு வந்ததும்

புரொஜெக்டரில் மாட்டாதீர்கள். 'ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடலாம்' என்று ஆரம்பித்துத்தான் பல சுருள்கள் கிழிந்திருக்கின்றன. சுருங்கிய ஃபிலிமின் துளைகள் புரொஜெக்டரின் நகத்தோடு பொருந்தாது. நகம் துளையை விட்டுப் படத்தில் இறங்கும்.

பஞ்சுக் கையுறையைவிட நைட்ரில் கையுறை நல்லது. பஞ்சு நூல் ஒட்டுகளில் மாட்டும். ஃபிலிமை விளிம்பில் மட்டும் பிடித்து, முதல் ஒரு மீட்டரைப் பிரித்து, துளை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். விளிம்புகளில் துளை இருந்து அகலம் 16 மி.மீ. என்றால் 1923இல் கோடாக் கொண்டுவந்த வடிவம். இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே, அகலத்தின் மையத்தில் ஒரே துளை இருந்தால் அது பாத்தேயின் 9.5 மி.மீ. பிரிட்டனில் அந்தக் காலத்து வீட்டுச் சினிமாவில் பெரும்பங்கு இதுவே. 8 மி.மீ. 1932இல்தான் வந்தது, ஆகவே அதில் இந்த ரயிலுக்குக் கிடைத்தது மூன்று கோடைகள் மட்டும். சூப்பர் 8 என்றால் 1965க்குப் பிந்தையது. அதில் லின்டன் எஞ்சின் தெரிந்தால் உங்கள் கையில் இருப்பது நகல்.

35 மி.மீ. என்றால் நிறுத்துங்கள். 1950களின் தொடக்கம் வரை 35 மி.மீ. ஃபிலிம், எளிதில் தீப்பற்றும் நைட்ரேட்டாக இருக்கலாம். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றியும் அணையாது. 17.5 மி.மீ. சுருளுக்கும் இதே எச்சரிக்கை. விளிம்பில் 'சேஃப்டி' என்ற சொல் அச்சாகியிருப்பது ஆறுதல்தான், ஆனால் நகலெடுக்கும்போது மூலத்தின் விளிம்பெழுத்தும் சேர்ந்து பதியலாம் என்பதால் அதை மட்டும் நம்பக் கூடாது. ஓரத்தை வெட்டிக் கொளுத்திப் பார்க்கும் பழைய சோதனை வேண்டவே வேண்டாம். குளிர்ந்த இடத்தில் வைத்து, சாதாரணத் தபாலில் அனுப்பாமல், காப்பகத்துக்குத் தகவல் கொடுங்கள். 16, 9.5, 8 மி.மீ. அமெச்சூர் ஃபிலிம்கள் தொடக்கத்திலிருந்தே அசிட்டேட், அவற்றுக்கு இந்த ஆபத்து இல்லை.

அசிட்டேட்டின் நோய் வேறு: வினிகர் நாற்றம். அடிப்பொருள் சிதைந்து அசிட்டிக் அமிலம் வெளியேறுகிறது, அந்த அமிலமே சிதைவை இன்னும் வேகப்படுத்துகிறது. மூக்கு ஓரளவுக்குத்தான் சொல்லும். ஏ-டி ஸ்ட்ரிப் என்ற சோதனைத் தாளை மூடிய டப்பாவுக்குள் அறை வெப்பத்தில் குறைந்தது 24 மணி நேரம் வைத்தால், நீலத்திலிருந்து பச்சை, மஞ்சள் என்று மாறும். நீலம் 0, மஞ்சள் 3. 1.5ஐத் தொட்டுவிட்டால் சிதைவு தானே வேகமெடுக்கும் கட்டம், ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது. நாற்றமடிக்கும் சுருளை மற்றவற்றோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். துருப்பிடித்த டின் டப்பாவையும் மாற்றுங்கள். ஆனால் டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் படம் எடுத்த பிறகு.

சுருக்கத்தை அளப்பது

இதற்கு ஓர் எஃகு அளவுகோலும் பொறுமையும் போதும். ஃபிலிமைத் தட்டையாக விரித்து, ஒரு துளையின் மேல்விளிம்பிலிருந்து நூறாவது இடைவெளி முடியும் துளையின் மேல்விளிம்பு வரை அளக்க வேண்டும். புது 16 மி.மீ. ஃபிலிமில் துளை இடைவெளி 7.62 மி.மீ., ஆக நூறுக்கு 762 மி.மீ. களனிப் பாதையின் பழைய தண்டவாள அகலமும் இதே 762தான். தற்செயல், ஆனால் நினைவில் நிற்கும். 9.5 மி.மீ. ஃபிலிமுக்கு நூறு இடைவெளி 754 மி.மீ., சாதாரண 8 மி.மீ. ஃபிலிமுக்கு 381.

762 இருக்க வேண்டிய இடத்தில் 756 வந்தால் சுருக்கம் 0.8 சதவீதம். அதற்கு மேல் பல் சக்கரம் உள்ள எந்தக் கருவியிலும் ஏற்றக் கூடாது. பல் சக்கரமில்லாமல் உருளைகளில் மட்டும் இழுக்கும் ஸ்கேனர்கள் 2 சதவீதத்தைக்கூடச் சமாளிக்கும். சுருளின் தலை, நடு, வால் என மூன்று இடத்தில் அளங்கள். வெளிச்சுற்று நன்றாக இருந்து, மையத்தில் இறுக்கமாகச் சுற்றிய பகுதி அதிகம் சுருங்கியிருப்பது சகஜம்.

அளந்தபின் கைச்சுற்று மேசையில் மெதுவாக முழுதும் சுற்றுங்கள். ஒரு விளிம்பில் நைலான் துணியை லேசாகத் தொட்டுக்கொண்டே போனால் கிழிந்த துளை தட்டுப்படும். பழைய சிமென்ட் ஒட்டுகள் காய்ந்து கையோடு வரும். டேப் ஒட்டுகள் பசை கசிந்து அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்ளும். பிரியும் ஒட்டை மாற்றுவதற்கு முன், அது எத்தனையாவது அடியில் இருந்தது, இரு பக்கமும் என்ன காட்சி என்று எழுதிவையுங்கள். யார் எதை எதோடு சேர்த்தார் என்பதன் ஒரே தடயம் அந்த ஒட்டுதான். தலையிலும் வாலிலும் இரண்டு, மூன்று மீட்டர் வெள்ளை லீடர் (படமில்லாத வெற்று ஃபிலிம்) சேர்த்து, அதில் 'தலை', 'வால்' என்று எழுதுங்கள். ஃபிலிமில் எழுதக் கூடாது.

விளிம்பு சொல்லும் வருடம்

கோடாக் நிறுவனம் தன் ஃபிலிமின் விளிம்பில், பெயருக்குப் பக்கத்தில் வட்டம், சதுரம், முக்கோணம் போன்ற சிறு குறிகளைப் பதித்து வந்தது. அவை தயாரிப்பு ஆண்டைச் சொல்லும். சுழற்சி 20 ஆண்டு: ஒற்றை வட்டம் என்றால் 1916 அல்லது 1936 அல்லது 1956, ஒற்றைச் சதுரம் 1917, 1937, 1957, ஒற்றை முக்கோணம் 1918, 1938, 1958. முழு அட்டவணை இணையத்தில் எளிதில் கிடைக்கும். பத்து மடங்கு உருப்பெருக்கியும் பின்னொளி மேசையும் இருந்தால் ஐந்து நிமிட வேலை.

இதன் பலன் இந்த ரயிலில் கண்கூடு. 16 மி.மீ. சுருளில் ஒற்றை வட்டம் இருக்கிறது, காட்சியில் லின்டன் ரயில் பயணிகளோடு ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 16 மி.மீ. 1916இல் இல்லை. 1936இல் ரயில் இல்லை. ஆக அது பின்னாளில் எடுத்த நகல், மூலம் வேறெங்கோ இருக்கிறது, அதைத் தேட வேண்டும். குறி தயாரிப்பு ஆண்டைத்தான் சொல்லும், படம் எடுத்த ஆண்டை அல்ல என்பதை மறக்காதீர்கள். வாங்கிய சுருளை ஓரிரு வருடம் கழித்துக் கேமராவில் போட்டவர்கள் ஏராளம். 'இந்த ஆண்டுக்கு முன்பு எடுத்திருக்க முடியாது' என்ற அளவுக்கே அது சாட்சி.

மூலமா நகலா என்பதற்கு வேறு அடையாளங்களும் உண்டு. அமெச்சூர் கேமராவில் ஓடியது பெரும்பாலும் ரிவர்சல் ஃபிலிம், அதாவது கேமராவில் போட்ட சுருளே கழுவியபின் பாசிட்டிவாகத் திரும்பி வரும். அதில் ஒளிபடாத விளிம்பு கறுப்பாக இருக்கும். விளிம்பு தெளிவாகக் கண்ணாடிபோல இருந்தால் நெகட்டிவிலிருந்து எடுத்த பிரதியாக இருக்கக்கூடும். கீறலும் ஒட்டுக்கோடும் படத்தில் தெரிகின்றன, விரலால் தொட்டால் வழவழவென்று இருக்கின்றன என்றால், அவை முந்தைய தலைமுறையிலிருந்து படமாகப் பதிந்து வந்தவை. ஒவ்வொரு காட்சியின் தொடக்கத்திலும் ஒன்றிரண்டு ஃபிரேம் வெளுத்துப்போயிருப்பது கேமரா நின்று கிளம்பிய இடம். அது இல்லாமல் காட்சி மாறினால் அங்கே யாரோ கத்தரி வைத்திருக்கிறார்.

வண்ணம் தெரிந்தால் இன்னும் கவனம். கோடாக்ரோம் 16 மி.மீ.இல் வந்தது 1935இல், ரயில் மூடிய அதே ஆண்டில். அதற்கு முன் இருந்தவை 1928இன் கோடாகலரும் 1934இல் 16 மி.மீ.க்கு வந்த டூஃபேகலரும். கோடாகலர் ஃபிலிம் வெறும் கண்ணுக்குக் கறுப்பு வெள்ளை போலவே தெரியும், உருப்பெருக்கியில் நெருக்கமான செங்குத்து வரிகள் இருக்கும். சாதாரணமாக ஸ்கேன் செய்தால் வண்ணம் வராது. வரிகளைக் கண்டால் ஸ்கேன் செய்பவரிடம் முன்கூட்டியே சொல்லி, அந்த வரிகள் பிரிந்து தெரியும் அளவுக்கு உயர்ந்த தெளிவில் கேளுங்கள். பின்னர் மென்பொருளில் வண்ணத்தை மீட்கலாம்.

ஸ்கேன்: என்ன கேட்க வேண்டும்

திரையில் ஓட்டி மொபைலில் பிடிப்பது ஸ்கேன் அல்ல. ஃபிரேம் ஃபிரேமாகப் படமெடுக்கும் கருவி வேண்டும். நிறுவனத்திடம் கேட்க வேண்டியவை: பல் சக்கரம் உண்டா, துளையும் விளிம்பும் சேர்ந்து வருமா, ஒரு ஃபிலிம் ஃபிரேமுக்கு ஒரு டிஜிட்டல் ஃபிரேம் என்று தருவார்களா, தானியங்கி ஒளிச் சரிசெய்தலையும் கீறல் நீக்கத்தையும் நிறுத்தி வைப்பார்களா. கடைசிக் கேள்விக்கு 'எல்லாம் நாங்களே அழகாக்கித் தருவோம்' என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

9.5 மி.மீ.க்குத் தனிக் கேள்வி ஒன்று: அதற்கென்று கேட் (ஃபிலிமைப் பிடித்து நிறுத்தும் சட்டம்) இருக்கிறதா? 16 மி.மீ. பாதையில் ஏற்றினால் நகம் படத்திலேயே இறங்கும், நடுத்துளையைச் சுற்றிக் கிழியும். ஃபிரேம் 16 மி.மீ. ஃபிரேமைவிடச் சற்றே சிறியது என்பதால் தெளிவைக் குறைக்கத் தேவையில்லை. கடையில் விற்ற 9.5 பிரதிகளில் விளிம்பில் சிறு வெட்டு இருக்கும். புரொஜெக்டர் அந்த வெட்டைக் கண்டு தலைப்பு அட்டையைச் சில விநாடி நிறுத்தி வைக்கும். ஸ்கேனில் அந்த அட்டை ஓரிரு ஃபிரேமாக மின்னி மறையும், பார்வைப் பிரதியில் நீங்களே நீட்டிக்கொள்ள வேண்டும். வெட்டு இருந்தால் அது விற்பனைப் பிரதி, குடும்பத்தார் எடுத்த மூலம் அல்ல என்பதும் தெரிந்துவிடும்.

கோப்பின் அளவு பலரைத் திணறடிக்கும். 100 அடி 16 மி.மீ. சுருளில் 4,000 ஃபிரேம், அடிக்கு 40. ஒரு ஃபிரேமை 2,048 × 1,556 புள்ளிகளில் 10 பிட் டி.பி.எக்ஸ் கோப்பாக வைத்தால் சுமார் 12.7 மெகாபைட். நான்கு நிமிடப் படத்துக்கு 51 கிகாபைட். எஃப்.எஃப்.வி.1 குறிமுறையில் மாட்ரோஸ்கா கோப்பாக மாற்றினால் ஒரு புள்ளிகூட இழக்காமல் கணிசமாகச் சுருங்கும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். ஒவ்வொன்றுக்கும் செக்சம் (கோப்பு மாறியிருந்தால் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பு எண்) எழுதிவைத்து ஆண்டுக்கொருமுறை சரிபாருங்கள். ஸ்கேன் முடிந்ததும் சுருளைத் தூக்கிப்போடுவதுதான் மன்னிக்க முடியாத தவறு. பத்து ஆண்டில் ஸ்கேனர் மேம்படும், சுருள் மறுபடி பிறக்காது.

ரயில் ஏன் குதிரைபோல ஓடுகிறது

பழைய ரயில் படங்களில் எல்லோரும் துள்ளித் துள்ளி நடக்கிறார்கள் என்றால், விநாடிக்கு 16 ஃபிரேம் எடுத்ததை 24 அல்லது 25இல் ஓட்டுகிறார்கள். அமெச்சூர் மௌனப் படங்களுக்கு 16 என்று தொடங்குவது நியாயம். 100 அடிச் சுருள் 16இல் 4 நிமிடம் 10 விநாடி, 24இல் 2 நிமிடம் 47 விநாடி.

ஆனால் 16 என்று கண்மூடி நம்பவும் வேண்டாம். சோதிக்க எஞ்சினே உதவும். இந்தப் பாதைக்கு 'மேனிங் வார்டில்' என்ற நிறுவனம் செய்த எஞ்சின்களின் இயங்கு சக்கரம் 2 அடி 9 அங்குலம், ஒரு சுற்றுக்கு 2.63 மீட்டர் நகரும். இணைப்புத் தண்டு கீழ்நிலையிலிருந்து மறுபடி கீழ்நிலைக்கு வர எத்தனை ஃபிரேம் என்று எண்ணுங்கள். ஆரங்களை எண்ணாதீர்கள், அவை பின்னோக்கிச் சுழல்வதுபோல ஏமாற்றும். ஒரு சுற்றுக்கு 7 ஃபிரேம் என்றால், 16இல் வேகம் மணிக்கு 21.6 கி.மீ., 24இல் 32.5 கி.மீ. 19¼ மைலை இந்த ரயில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் கடந்தது, சராசரி மணிக்கு 21 கி.மீ.தான். ஏற்றம் ஐம்பதுக்கு ஒன்று. மேட்டில் மூச்சு வாங்கும் எஞ்சின் 32இல் போகிறது என்றால் கணக்கில் ஏதோ தவறு.

வேகம் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் இது துணைச் சாட்சிதான். முதன்மைச் சாட்சி மனிதர்களும் புவியீர்ப்பும். சாதாரண நடையில் விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு காலடி, 16இல் ஒரு காலடிக்கு எட்டு ஃபிரேம். ரயிலிலிருந்து நடைமேடைக்குத் தபால் மூட்டை விழுகிறதா? கையை விட்ட மூட்டை ஒரு மீட்டர் விழ 0.45 விநாடி: 16இல் 7 ஃபிரேம், 24இல் 11. எவராலும் மறுக்க முடியாத கடிகாரம் அது.

சாவி கொடுக்கும் ஸ்பிரிங் கேமராவில் இன்னொரு வில்லங்கம். ஸ்பிரிங் தளரத் தளரக் கேமரா மெதுவாகும், காட்சியின் கடைசி சில விநாடிகளில் ரயில் திடீரென்று வேகமெடுத்ததுபோலத் தெரியும், படமும் சற்று வெளிறும். இரண்டும் சேர்ந்து வந்தால் டிரைவர் நீராவியைத் திறக்கவில்லை, கேமராவின் ஸ்பிரிங்தான் ஓய்ந்தது.

மூலக் கோப்பை 16 என்றே குறித்து வைத்து, பார்வைப் பிரதிக்கு ஒவ்வோர் இரண்டாவது ஃபிரேமையும் இருமுறை காட்டி 24 ஆக்குங்கள். இடைப்பட்ட ஃபிரேம்களைக் கற்பனையில் உருவாக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் இணைப்புத் தண்டைப் பார்த்தால் குழம்பிவிடும். தண்டு ரப்பராக வளையும், ஆரம் கரைந்து மறுபடி முளைக்கும். ரயிலின் இயக்கத்தைப் பார்க்கத்தானே இத்தனை பாடு?

எந்த எஞ்சின், எந்த ஆண்டு

இந்தப் பாதையில் ஐந்தே எஞ்சின்கள், எல்லாம் ஆங்கிலத்தில் மூன்றெழுத்து ஆற்றுப் பெயர்கள்: யோ, எக்ஸ், டா, லின், லூ. முதல் மூன்றும் மேனிங் வார்டில் நிறுவனம் ஒரே மாதிரியாகச் செய்தவை. முன்னே இரண்டு, நடுவே ஆறு, பின்னே இரண்டு சக்கரம். லின் மட்டும் அமெரிக்காவின் பால்ட்வின் தயாரிப்பு. 1897-98இல் பிரிட்டிஷ் பொறியியல் ஆலைகளில் நடந்த வேலைத் தகராறால் உள்நாட்டில் எஞ்சின் கிடைக்காமல் பிலடெல்ஃபியாவிலிருந்து வரவழைத்தார்கள். அதில் நடுச் சக்கரம் பக்கத்துக்கு இரண்டுதான். படம் எவ்வளவு மங்கலாக இருந்தாலும் லின்னை இந்த ஒன்றை வைத்தே பிரித்துவிடலாம். லூ 1925இல் வந்தது, அதுவும் மேனிங் வார்டில் தயாரிப்புதான். அது இருக்கும் எந்தக் காட்சியும் அதற்கு முந்தியதல்ல.

1923இல் பாதை சதர்ன் ரயில்வேயின் கைக்குப் போனது. அதற்குப் பிறகு தண்ணீர்த் தொட்டியின் பக்கவாட்டில் எண் வந்தது: யோ 759, எக்ஸ் 760, டா 761, லின் 762, லூ 188. ஆமாம், இங்கேயும் ஒரு 762. எண்ணுக்கு முன் ஆங்கில 'ஈ' எழுத்து இருந்தால் அது ஈஸ்ட்லி பணிமனைக் குறி. 1931இலிருந்து சதர்ன் அந்த எழுத்தைக் கைவிடத் தொடங்கியது. ஆனால் எல்லாம் ஒரே நாளில் மறுவண்ணம் பூசப்படவில்லை. எழுத்து இல்லையென்றால் பிந்திய காலம் என்று சொல்லலாம், இருப்பதால் 1931க்கு முன் என்று சொல்ல முடியாது.

பெட்டிகளும் பேசும். பழைய கம்பெனியின் காலத்தில் கீழ்ப்பாதி செங்காவி, மேல்பாதி வெள்ளை. கறுப்பு வெள்ளைப் படத்தில் இருநிறமாகப் பளிச்சென்று தெரியும். சதர்ன் முழுக்கப் பச்சை அடித்தது, ஆகவே ஒரே சாம்பல். 1920களின் பிற்பகுதி வரை அமெச்சூர் ஃபிலிம் பெரும்பாலும் ஆர்த்தோக்ரோமாட்டிக், சிவப்பை உணராது. செங்காவி அதில் கிட்டத்தட்டக் கறுப்பாக விழும், வானம் வெளுத்துவிடும். 'கறுப்புப் பெட்டி' என்று தலைப்பெழுதுவதற்கு முன் இதை நினைவில் வையுங்கள். நீளமான போகி சரக்கு வண்டிகள் தெரிந்தால் 1927க்குப் பிந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம், சதர்ன் அந்த ஆண்டில் புதிதாக வாங்கியவை அவை.

லூ தனியாகச் சரக்கு வண்டிகளை இழுக்கிறது, பக்கத்தில் ஆட்கள் தண்டவாளத்தைக் கழற்றுகிறார்கள் என்றால் அது 'கடைசி ரயில்' அல்ல. மூடிய பிறகு பிரித்தெடுக்கும் வேலைக்கு லூவைத்தான் பயன்படுத்தினார்கள். 1936இல் அது கப்பலேறிப் பிரேசில் போனது.

பருவத்தைக் கண்டுபிடிக்க நிழல் போதும். இந்த வட்டாரம் வடக்கே 51.2 பாகையில் இருக்கிறது. ஜூன் நடுப்பகலில் சூரியன் 62 பாகை உயரம், ஆறடி மனிதனின் நிழல் ஒரு மீட்டருக்குள். செப்டம்பர் 29இல் நடுப்பகல் உயரம் 36 பாகை சொச்சம், அதே மனிதனின் நிழல் 2.4 மீட்டர், இதற்குக் குறைய வழியே இல்லை. 'மூடுவிழா நாள்' என்று வந்த படத்தில் நடைமேடை ஆட்களின் நிழல் காலடியில் சுருண்டு கிடந்தால், தலைப்பைத் தயங்காமல் அடித்துவிடலாம். கோடைக்கால நேரப்படி அங்கே நடுப்பகல் கடிகாரத்தில் ஒரு மணியைத் தாண்டித்தான் வரும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

இடத்தை உறுதிசெய்ய, ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற பிரிட்டிஷ் அரசு வரைபட நிறுவனத்தின் பழைய, மைலுக்கு 25 அங்குல வரைபடம் சிறந்த துணை. எட்டு வளைவுகளோடு 70 அடி உயரத்தில் நிற்கும் செல்ஃபம் பாலம் இன்றும் இருக்கிறது, ஒப்பிடுவது எளிது. பிராட்டன் ஃபிளெமிங், பிளாக்மூர், பாரகூம், வுடி பே ஆகிய இடங்களில் பாதையின் வளைவு, சாலைப் பாலம், சுவர் எல்லாவற்றையும் வரைபடத்தோடு வைத்துப் பாருங்கள். பொருந்தவில்லை என்றால் படத்தை இடவலமாகத் திருப்பி மறுபடி பாருங்கள். எமல்ஷன் பக்கம் (படம் பதிந்த பூச்சுள்ள பக்கம்) மாறி ஸ்கேன் ஆவது அடிக்கடி நடக்கிறது, எழுத்து எதுவும் தெரியாத காட்சியில் யாரும் கவனிப்பதில்லை.

போலிகள்

பெரும்பாலும் யாரும் ஏமாற்ற நினைத்துச் செய்வதில்லை. வேல்ஸின் வேல் ஆஃப் ரைடோல் பாதையிலும் இதே சக்கர அமைப்பு, கிட்டத்தட்ட இதே அகலம். மங்கலான துண்டில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். 1934இல் மூடிய லீக் அண்ட் மானிஃபோல்ட் பாதையின் காட்சிகளும் இதில் கலக்கும். பின்சக்கரம் நான்கு இருந்தால் அது மானிஃபோல்ட் எஞ்சின்.

இன்னொரு வகை புதியது. வுடி பேயில் ஆர்வலர்கள் 2004இலிருந்து ஒரு சிறு தூரத்துக்கு ரயிலை மறுபடி ஓட்டுகிறார்கள். பழைய வரைபடத்தைப் பார்த்துச் செய்த 'லிட்' என்ற எஞ்சின் 2010இல் நீராவி கண்டது, 2017இல் புதிய 'லின்' வந்தது. இவற்றை எடுத்த வீடியோவுக்குக் கறுப்பு வெள்ளையும் பொய்க் கீறலும் பூசி '1930' என்று பதிவிடுகிறார்கள். பெயர்ப்பலகையில் 'லிட்', எண் 190 என்றால் பேச்சே இல்லை. பலகை தெரியாவிட்டால் கீறலைப் பாருங்கள். உண்மையான ஃபிலிமில் ஒட்டுக்கோடு ஃபிரேம் எல்லையில்தான் வரும், கீறல் பல நூறு ஃபிரேமுக்கு ஒரே இடத்தில் நீளும். பூசிய கீறல் சில விநாடிக்கொருமுறை அச்சுப்பிசகாமல் திரும்பி வரும்.

தலைப்பு எழுதுவதும் உரிமையும்

பார்த்தது, ஊகித்தது, கேள்விப்பட்டது மூன்றையும் கலக்காமல் எழுதுங்கள். ஒரு நல்ல குறிப்பு இப்படி இருக்கும்: '16 மி.மீ. ரிவர்சல் மூலம், விளிம்பெழுத்து கோடாக். 42ஆம் அடியிலிருந்து 61ஆம் அடி வரை: லூ, எண்ணுக்கு முன் ஈ எழுத்துடன், மூன்று பெட்டிகள், ஒரே நிறம். வுடி பே, வரைபடத்தோடு ஒப்பிட்டது. 1925க்குப் பின், 1935 செப்டம்பருக்கு முன். டப்பாவில் 1931 என்று பென்சிலில் உள்ளது, வேறு ஆதாரம் இல்லை.' அடிக்கணக்கு முக்கியம். நிமிடக்கணக்கு ஓட்டும் வேகத்தைப் பொறுத்து மாறும், அடி மாறாது.

உரிமை விஷயத்தில் 'தொண்ணூறு வருடப் பழசு, யார் கேட்பார்கள்' என்பது செல்லாது. 1957க்கு முந்திய பிரிட்டிஷ் படங்களில், எடுத்தவர் இறந்து 70 ஆண்டு ஆகும்வரை உரிமை நீடிக்க வாய்ப்புண்டு. 1930இல் இருபத்தைந்து வயதில் கேமரா பிடித்தவர் 1990 வரை வாழ்ந்திருந்தால், அவர் வாரிசுக்கு இன்னும் பல ஆண்டு உரிமை இருக்கும். சந்தையில் சுருளை வாங்கியவருக்குச் சுருள்தான் சொந்தம், படத்தின் உரிமை அல்ல. டப்பாவில் குடும்பப் பெயர் இருந்தால் முதலில் அவர்களைத் தேடுங்கள், கிடைத்தால் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். அந்தக் கடிதத்தின் நகலும் டப்பாச் சீட்டின் படமும் ஸ்கேன் கோப்பு இருக்கும் அதே கோப்புறையில், அதே பெயரோடு இருக்கட்டும்.